பொள்ளாச்சியா கோயம்புத்தூரா? பகல்ல அந்த ஊர்ல யாரு இருக்கப் போறாங்கன்னு பாருங்க

கேள்வி கேட்டவர் சொன்னது இதான்: சென்னைல இருந்து குடும்பத்தோட வர்றாங்க, அவருக்கு ஆபீஸ் சரவணம்பட்டில, வாரம் மூணு நாள் நேர்ல போகணும். மனைவி டீச்சர், வந்த ஊர்ல வேலை தேடணும். பொண்ணு எட்டாவது, பையன் ரெண்டாவது, கூட அம்மா, அவங்களுக்கு சுகரும் முட்டி வலியும். பொள்ளாச்சில வீடு எடுத்து போய் வரலாமா, இல்ல கோவைக்குள்ளயே பார்க்கலாமான்னு கேட்டிருக்கார்.

நாங்க தாம்பரத்துல இருந்து வந்தவங்க. என் வீட்டுக்காரருக்கு மலுமிச்சம்பட்டி பக்கம் கம்பெனி, அது கோவைக்குத் தெக்க பொள்ளாச்சி ரோட்டுலயே இருக்கு. பொண்ணு சின்ன க்ளாஸ் படிக்கறப்போ பொள்ளாச்சில இருந்தோம், அவ பதினொண்ணு சேர்றப்போ கோவைக்குள்ள சுந்தராபுரத்துக்கு மாறினோம், இப்பவும் இங்கதான். ரெண்டு ஊர்லயும் பகல் பூரா இருந்தது நான்தான், அதனால இந்தக் கேள்விக்கு பதில் சொல்ல எனக்கு கொஞ்சம் உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

எல்லாரும் இந்த கணக்கை சம்பாதிக்கிறவரை வச்சுத்தான் போடுறாங்க, ஆபீஸ் எவ்ளோ தூரம், பெட்ரோல் எவ்ளோ, டோல் எவ்ளோன்னு. ஆனா யோசிச்சுப் பாருங்க, காலைல கிளம்பி கோவைக்கு வந்து ராத்திரி திரும்புற ஆளு பொள்ளாச்சில வாழுறதே இல்ல, அவரு பொள்ளாச்சில தூங்குறாரு அவ்ளோதான். அந்த ஊர்ல வாழப்போறது உங்க மனைவி, உங்க அம்மா, ரெண்டு பசங்க. அவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி போகும்னு எழுதிப் பாருங்க. பாதி பதில் அதுலயே வந்துரும்.

மொதல்ல உங்க தூரத்தை முடிச்சுடலாம். பொள்ளாச்சி கோவை 40 கிலோமீட்டர்னு எல்லாரும் சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா அது உக்கடம் வரைக்கும். ரோடு நாலு வழி, சும்மா பறக்கலாம். உக்கடம் ஆத்துப்பாலம் மேம்பாலமும் 2024 ஆகஸ்ட்ல திறந்துட்டாங்க, முன்னாடி அந்த ஒரு இடத்துலயே உயிர் போகும். ஆனா சரவணம்பட்டி ஊருக்கு வடக்க சத்தி ரோட்டுல இருக்கு, நீங்க தெக்க இருந்து வந்து மொத்த ஊரையும் தாண்டணும். இல்லன்னா ஈச்சனாரிகிட்ட எல் அண்ட் டி பைபாஸ்ல ஏறி நீலாம்பூர் போய் காளப்பட்டி வழியா சுத்திப் போகணும். எப்படிப் போனாலும் ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம்னு வச்சுக்கோங்க. என் வீட்டுக்காரருக்கு மலுமிச்சம்பட்டிங்கறதால பொள்ளாச்சி சுகமா இருந்துச்சு, அதே கம்பெனி சரவணம்பட்டி பக்கம் கீரணத்தத்துல இருந்திருந்தா கதையே வேற. கோவைக்குள்ள எந்தப் பக்கம்னு கேக்காம பொள்ளாச்சி ஓகேவான்னு கேக்குறதுல அர்த்தமே இல்ல.

ட்ரெயின் இருக்கேன்னு யாராவது சொல்லுவாங்க. பழைய மீட்டர் கேஜ் லைனை பிராட் கேஜா மாத்தி 2017-ல திரும்ப விட்டாங்க, நல்ல விஷயம்தான், ஆனா வண்டி எண்ணிக்கை கம்மி, டைமிங் உங்க ஆபீஸுக்கு ஒத்து வந்தா லாட்டரி. பஸ்தான் நிஜமான துணை, உக்கடத்துல போய் நின்னா கொஞ்ச நேரத்துல ஒண்ணு கிளம்பிட்டே இருக்கும். வாரம் மூணு நாள்தானேன்னா தாங்கலாம். அஞ்சு நாளா ஆக்கிட்டா தாங்க மாட்டீங்க, அதுவும் இப்ப ஐடி கம்பெனிங்க ஆபீஸுக்கு வா வான்னு கூப்பிடுற காலத்துல அதை மேனேஜர்கிட்ட தெளிவா கேட்டுக்கோங்க.

இப்ப உங்க மனைவி. இதுதான் பெரிய விஷயம், ஆனா கேள்வில அவங்களுக்கு ஒரே ஒரு வரி போட்டிருக்கீங்க. டீச்சர்ங்கறதால தப்பிச்சீங்க. பொள்ளாச்சி 2011 கணக்குல 90 ஆயிரம் சொச்சம் பேர் இருந்த நகராட்சிதான், ஆனா சுத்தி இருக்கற அத்தனை கிராமத்துக்கும் அதான் ஸ்கூல், அதான் கடைவீதி, அதனால ஊர் சைஸை விட ஸ்கூல் ஜாஸ்தி. கோவை அளவுக்கு சம்பளம் எதிர்பார்க்காதீங்க, ஆனா வேலை கிடைக்கும். ஊத்துக்குளி, ஆனைமலைன்னு கொஞ்சம் தள்ளிக் கிடைச்சாலும் டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு 2021-ல இருந்து டிக்கெட் கிடையாது, அது மாசத்துக்கு ஒரு நல்ல தொகை. இதே அவங்க ஆடிட்டர் ஆபீஸ், மெடிக்கல் கோடிங், டிசைன் மாதிரி வேலைல இருந்தா நான் யோசிக்காம கோவைன்னு சொல்லியிருப்பேன். பொள்ளாச்சில வேலைன்னா தேங்காய், கொப்பரை, தென்னை நார், வெல்லம், மாட்டுச்சந்தை, கடை, ஸ்கூல், ஆஸ்பத்திரி. எனக்கு அக்கவுண்ட்ஸ் தெரியும், ஒரு நார் மில்லுல கணக்கு எழுதுற வேலை கிடைச்சுது, நல்லவங்கதான், ஆனா டேலி தாண்டி அங்க கத்துக்க ஒண்ணும் இல்ல. சுந்தராபுரம் வந்த அப்புறம்தான் எனக்குன்னு ஒரு வேலைன்னு சொல்லிக்கிற மாதிரி அமைஞ்சுது. ஊர் மாறுறப்போ குடும்பத்துல ஒருத்தர் வேலைதான் விஷயம், இன்னொருத்தர் வேலை அட்ஜஸ்ட் பண்ணிக்கும்னு நினைக்கிறது இருக்கே, அது ரெண்டு வருஷம் கழிச்சு சமையக்கட்டுல சண்டையா வரும்.

அம்மா விஷயத்துல பொள்ளாச்சி ஜெயிக்கும், ஒரு கண்டிஷனோட. எங்க அத்தை (மாமியார்) தாம்பரத்துல மூணாவது மாடில ஜெயில்ல இருக்கற மாதிரி இருந்தாங்க. பொள்ளாச்சில தரை வீடு, நடந்து போற தூரத்துல மாரியம்மன் கோயில், தெரிஞ்ச ஆட்டோக்கார தம்பி, வியாழக்கிழமை சந்தை, ஜூன்ல பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற அந்த ஈரக்காத்து, ஆறே மாசத்துல அவங்களுக்கு என்னை விட ஜாஸ்தி ஆளுங்களைத் தெரிஞ்சுது. வீட்டு ஓனர் மோட்டர் ரிப்பேருக்கு இழுத்தடிச்சப்போ ஆனைமலை மாசாணியம்மன் கோயில்ல போய் மிளகா அரைக்கப் போறேன்னு சொன்னாங்க (அநியாயம் பண்ணவங்களை தண்டிக்கச் சொல்லி அம்மன்கிட்ட முறையிடற வழக்கம் அது), சாயங்காலமே பிளம்பர் வந்துட்டாரு. சென்னைல அந்த டெக்னிக் வேலைக்கு ஆகாது.

கண்டிஷன் என்னன்னா டாக்டர். சுகர், பிரஷர், காய்ச்சல், முட்டி வலி எல்லாம் பொள்ளாச்சிலயே பார்த்துக்கலாம், ஜி.ஹெச்.சும் இருக்கு, தனியார் ஆஸ்பத்திரியும் இருக்கு. ஆனா பெரிய விஷயம்னா கடைசில கோவைக்குத்தான் வண்டியைத் திருப்புவாங்க. பக்கவாதம்னா ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அதுவும் எவ்ளோ சீக்கிரம் போடுறாங்களோ அவ்ளோ நல்லது, அதுல ஒரு மணி நேரம் ரோட்டுக்கே போயிடும். இப்ப சுகர் மட்டும்னா பயப்பட வேண்டாம். ஏற்கனவே ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சவங்க, டயாலிசிஸ் போறவங்க, கீமோ எடுக்கறவங்க வீட்ல இருந்தா கோவைதான், பேச்சே இல்ல.

பசங்க. ரெண்டாவது படிக்கற பையனைப் பத்தி கவலையே படாதீங்க, அவனுக்கு சைக்கிள் ஓட்ட தெரு இருந்தா போதும், அது பொள்ளாச்சில இருக்கு, சரவணம்பட்டில இல்ல. பொண்ணு எட்டாவது. இப்பவே மாத்துங்க, ஒன்பதாவது சேர்க்கலாம், பத்தாவதுல மட்டும் மாத்தாதீங்க. பத்து வரைக்கும் பொள்ளாச்சி ஸ்கூல் எதுலயும் குறையில்ல. பதினொண்ணுலதான் பிரச்சனை ஆரம்பிக்கும், நீட் ஜேஇஇன்னு கோச்சிங் போறதா இருந்தா நல்லதெல்லாம் கோவைல, ஹாஸ்டல்ல விடணும் இல்ல தினம் அலையணும். அவ காமர்ஸ், ஆர்ட்ஸ்னு போனா அங்கயே இருக்கலாம், காலேஜும் அங்கயே இருக்கு, என்ஜிஎம் காலேஜ் 1957-ல இருந்து நடக்குது. ஆக இது ஊர் கேள்வி இல்ல, பொண்ணுகிட்ட கேக்க வேண்டிய கேள்வி.

பொண்ணுன்னதும் ஒண்ணு சொல்லணும். பொள்ளாச்சின்னாலே 2019-ல வெளிய வந்த அந்த பாலியல் வழக்கைச் சொல்லி அங்க பொண்ணுங்களுக்கு சேஃபான்னு சென்னை சொந்தக்காரங்க கேப்பாங்க, எங்ககிட்டயும் கேட்டாங்க. 2025 மே-ல கோவை மகளிர் கோர்ட் 9 பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை கொடுத்துச்சு. என் அனுபவத்துல தெருவுல நடக்கறதுக்கு பொள்ளாச்சி பயமான ஊரெல்லாம் இல்ல, ராத்திரி ஒன்பது மணிக்கு ட்யூஷன் விட்டு வந்திருக்கா என் பொண்ணு. ஆனா சின்ன ஊர்ல ஒரு பொண்ணுக்கு ஏதாவது நடந்தா வெளிய சொல்றது பெரிய ஊரை விட கஷ்டம், ஏன்னா எல்லாரும் எல்லாரையும் தெரிஞ்சவங்க, அப்பா பேரு, வீட்டு பேரு, எல்லாம் உடனே வந்துரும். அதனால சின்ன ஊருக்குப் போறதா இருந்தா வீட்டுக்குள்ள பேசற பழக்கம் ஜாஸ்தி வேணும்.

அந்த எல்லாரையும் தெரியுங்கற விஷயம் ரெண்டு பக்கமும் வெட்டும். எனக்கு டெங்கு வந்தப்போ பக்கத்து வீட்டு அக்கா மூணு வேளையும் கஞ்சி கொண்டு வந்து கொடுத்தாங்க, சுந்தராபுரத்துல எதிர் ஃப்ளாட்ல யாரு இருக்காங்கன்னே எனக்கு இன்னும் சரியா தெரியாது. அதே அக்காதான் என் பொண்ணு எந்தப் பையன்கூட பேசிட்டு வந்தான்னு எனக்கு முன்னாடி தெரிஞ்சு வச்சிருந்தாங்க. வீடு பார்க்கப் போனா "நீங்க எந்த ஊருங்க" ன்னு ஆரம்பிச்சு "என்ன ஆளுங்க" ன்னு சுத்தி வளைச்சு வந்து நிப்பாங்க, அவ்ளோ மரியாதையா, எல்லா வார்த்தைலயும் ஒரு "ங்க" போட்டு கேப்பாங்க, அதனால கோவம் வர லேட்டாகும். கோவைல இது இல்லையான்னா இருக்கு, புரோக்கர் போன்லயே கேட்டு முடிச்சுடுவார், அதான் வித்தியாசம். உங்களுக்கு அந்தக் கேள்விக்கு சாதகமான பதில் இல்லன்னா பொள்ளாச்சில வீடு தேட ரெண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்க. இதை யாரும் எழுத மாட்டேங்கறாங்க, அதான் எழுதறேன்.

வாடகை விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், கோவைல ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டுக்குக் கொடுக்கற காசுக்கு பொள்ளாச்சில வாசல், கார் நிறுத்த இடம், ரெண்டு தென்னைமரத்தோட தனி வீடு கிடைக்கும். போக்கியத்துக்கும் வீடு வரும், வக்கீல்கிட்ட காமிக்காம கையெழுத்து போடாதீங்க. மகாலிங்கபுரம், வெங்கடேசா காலனி மாதிரி ஊருக்குள்ள பாருங்க. ஊருக்கு வெளிய புதுசா போட்ட லேஅவுட்ல கம்மியா கிடைக்குதுன்னு போனா அம்மாவுக்கு கோயிலும் இல்ல ஆட்டோவும் இல்ல, அப்புறம் எதுக்கு பொள்ளாச்சி. தண்ணி கேட்டுக்கோங்க, ஊருக்குள்ள அம்பராம்பாளையம் ஆத்துத் தண்ணி வரும், வெளிய போனா போர் தண்ணிதான். இதே கதைதான் கோவைலயும், சிறுவாணி குடிக்கலாம்னு ஆசையா வந்து சரவணம்பட்டி தாண்டி ஃப்ளாட் எடுத்துட்டு உப்புத் தண்ணில குளிச்சு முடி கொட்டுதுன்னு புலம்பறவங்க நிறைய.

நடுவுல கிணத்துக்கடவு, ஒத்தக்கால்மண்டபம்னு எடுத்தா ரெண்டுக்கும் பொதுவாச்சேன்னு தோணும். சம்பாதிக்கிறவருக்கு மட்டும்தான் அது பொது. கிணத்துக்கடவு ஊருக்குள்ள கிடைச்சா பரவால்ல, ஸ்டேஷன், கடை, பஸ் இருக்கு. ஆனா மெயின் ரோட்டை விட்டு உள்ள ரெண்டு கிலோமீட்டர்ல இருக்கற கேட்டட் வில்லான்னா வீட்ல இருக்கறவங்க கார் ஓட்டத் தெரியாத வரைக்கும் அடைஞ்சு கிடக்கணும்.

இன்னொண்ணு, சென்னைல இருந்து வர்றவங்க எல்லாருக்கும் வர்ற ஆசை, அப்படியே ஒரு அரை ஏக்கர் தென்னந்தோப்பு வாங்கிப் போட்டுடலாம்னு. எங்களுக்கும் புரோக்கர் ஆனைமலை பக்கம் காட்டினாரு, பார்க்க சினிமா மாதிரி இருந்துச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான் தனியா கூப்பிட்டு ஓலை மஞ்சளாகி தொங்கறதைக் காட்டினாரு, கேரளா வேர்வாடல் நோய், அதுக்கு மருந்து கிடையாது, வந்த மரத்தை வெட்டித்தான் எடுக்கணும், அதுக்கு மேல வெள்ளை ஈ வேற. மரம் ஏற ஆள் கிடைக்கறது தனி போராட்டம். வாங்கறதா இருந்தா அங்க ஒரு நாலு மழைக்காலம் இருந்துட்டு வாங்குங்க, வந்த வருஷமே வாங்காதீங்க.

உங்க வீட்டுக்குன்னு கேட்டா, ஆபீஸ் உண்மையாவே மூணு நாள்தான்னா, மனைவிக்கு ஒரு ஸ்கூல்ல வேலை உறுதியாச்சுன்னா, பொள்ளாச்சி ஊருக்குள்ள வாடகைக்கு எடுங்க, பொண்ணு பத்தாவது முடிக்கிற வரைக்கும். அப்புறம் அவ எந்த குரூப் எடுக்கறாளோ அதை வச்சு திரும்ப பேசுங்க. இந்த ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் கோவைதான், அதுலயும் சரவணம்பட்டிக்கே போய் ஒட்டிக்காம கணபதி பக்கம் பாருங்க, கடை, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் அம்மாவுக்கு கிட்ட இருக்கும், உங்களுக்கும் சத்தி ரோட்டுல நேரா போயிடலாம்.

வீடு பார்க்க ஞாயித்துக்கிழமை நீங்க மட்டும் கார்ல வந்துட்டுப் போகாதீங்க. ஞாயிறு பொள்ளாச்சி பூரா டாப்சிலிப், வால்பாறை போற வண்டியா இருக்கும், அது ஊரோட முகமே இல்ல. வார நாள்ல மனைவியையும் அம்மாவையும் கூட்டிட்டு வந்து ஒரு லாட்ஜ்ல தங்குங்க, காலைல நீங்க அங்கிருந்து ஆபீஸ் கிளம்பிப் போயிடுங்க, அவங்க ரெண்டு பேரும் வீடு பார்க்கட்டும். எந்த வீடுன்னு அவங்களே சொல்லட்டும்.