360 சதுர அடியில் ஒரு வீடு: வாசகர் கேள்வி – பதில்

ஒரத்தநாடு பக்கத்திலிருந்து ஒரு வாசகர்: மனை கிழக்கு மேற்காக 60 அடி, வடக்கு தெற்காக 25 அடி. தெரு மேற்கே. ஐந்து பேருக்கு 360 சதுர அடியில் தளம் போட்ட வீடு. மேற்கு வாசல் என்பதால் வீடு கொதிக்கும் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். அறைகளை எப்படிப் பிரிக்கலாம்?

பயப்பட வேண்டாம், உங்கள் மனை வெயிலுக்குத் தோதான மனைதான். வீட்டின் நீளம் கிழக்கு மேற்காக ஓடும்படி 24 அடிக்கு 15 அடி என்று வையுங்கள். வடக்கிலும் தெற்கிலும் ஐந்தைந்து அடி மிஞ்சும். வெயில் அறையும் மேற்குச் சுவர் வெறும் 15 அடிதான்.

தஞ்சாவூர்ப் பகுதியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் நடுப்பகல் வெயில் வடக்கிலிருந்து விழும், மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து. இரண்டுமே உயரத்திலிருந்து வருவதால் தடுப்பது எளிது. 2 அடி சன்ஷேடு, டிசம்பர் நடுப்பகலில்கூடத் தெற்குச் சுவரில் 3 அடிக்கு நிழல் தரும். ஜூனில் வடக்குச் சுவர் ஏறக்குறைய முழுக்க நிழலில் இருக்கும். அதே சன்ஷேடு மேற்குப் பக்கம் சித்திரை மாதம் மாலை 4 மணிக்கு ஒன்றரை அடி நிழல்கூடத் தராது. மேற்கு ஜன்னலுக்குமேல் அழகுக்காகச் சன்ஷேடு வைப்பதெல்லாம் சிமென்டுக்குப் பிடித்த கேடு.

மேற்கே வேண்டியது ஆழமான திண்ணை. 6 அடி ஆழம், ஓட்டுக்கூரை, சுவரில் 10 அடி உயரத்தில் தொடங்கி வெளித்தூணில் 7 அடிக்கு இறங்கி, தூணுக்கு வெளியே ஓரடி நீள வேண்டும். மாலை 4 மணிக்குச் சுவரின் அடியில் ஒன்றரை, இரண்டு அடி மட்டும்தான் வெயில் படும். 5 மணி வெயிலுக்கு ஒரு மூங்கில் தட்டி போதும்.

உள்ளே மூன்று அறைகள். வெளிச்சுவர் எல்லாம் 9 அங்குலம் என்றால் உள்ளளவு இருபத்திரண்டரைக்குப் பதின்மூன்றரை அடி. மேற்கே 12 அடி அகலத்துக்கு முழுக் கூடம். அடுத்த நடுச்சுவரையும் 9 அங்குலமாகக் கட்டித் தளத்தை அதன்மேல் உட்கார வைத்தால் தளத்தின் தாவு, அதாவது தாங்கும் சுவர்களுக்கு இடையே உள்ள தூரம், குறையும்; கம்பியும் மிச்சம். அதற்குக் கிழக்கே வடபாதியில் 8 அடி அகலப் படுக்கையறை, தென்பாதியில் 5 அடி அகலச் சமையலறை, இடையில் நாலரை அங்குலச் சுவர். சமையல் மேடையைத் தெற்குச் சுவர் நெடுகிலும் 2 அடி ஆழத்துக்கு வையுங்கள். நிற்க 3 அடி கிடைக்கும். கொல்லைக் கதவு இங்கிருந்தே. வாஸ்து பார்ப்பவர்களுக்கும் அக்னி மூலை அமைந்துவிடும், வீட்டில் சண்டை வராது.

கூடத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் ஒன்றுக்கொன்று நேராக நான்கடி ஜன்னல்கள். ஜன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து 2 அடியில் இருக்கட்டும். பாயில் படுப்பவர்களுக்கு 3 அடிக்குமேல் வீசும் காற்றால் என்ன லாபம்? படுக்கையறைக்கு வடக்கிலும் கிழக்கிலும் ஒவ்வொன்று. ஒரே ஒரு ஜன்னல் மட்டும் உள்ள அறையில் அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் காற்று நுழையாது. வெளியேற வழி வேண்டும். நடுச்சுவரில் கதவுக்குமேல் ஜாலி விடச் சொல்லுங்கள்.

இனி கூரை. வெயிலில் பெரும்பங்கு வீட்டுக்குள் வருவது தளத்தின் வழியாகத்தான். பகலெல்லாம் சூட்டைக் குடித்த காங்கிரீட் இரவு பத்து மணிக்கு அதைக் கீழே கக்கும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சராசரி 3 அங்குலம் போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்தால் சூடும் குறையும், ஒழுக்கும் இராது. 15 அடிக்கு 2 அங்குலமாவது வாட்டம் வேண்டும். இப்போது காசில்லை என்றால் தளத்தின்மேல் சுண்ணாம்பு அடியுங்கள். ஆண்டுதோறும் மாசியில் திரும்ப அடிக்க வேண்டும்.

பேஸ்மென்ட் உயரத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஊரில் வெள்ளம் நின்ற அடையாளத்துக்கு மேல் ஒன்றரை அடி, அல்லது தெருவுக்கு மேல் இரண்டரை அடி, இரண்டில் எது அதிகமோ அது. தெருவைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போடுகிறார்கள். இன்று சரியாக இருக்கும் வாசல் நாளை பள்ளமாகிவிடும்.

வேதாரண்யத்திலிருந்து: திண்ணைக்கு ஓடா, தகடா? கஜா புயலில் இரண்டுமே பறந்ததைப் பார்த்தோமே.

2018 நவம்பர் 16இல் கரையைக் கடந்த அந்தப் புயலில் பறந்தவற்றுக்கு ஓடு, தகடு என்ற பேதமில்லை. காற்று கூரையைக் கீழே அமுக்குவதைவிட மேலே உறிஞ்சி இழுப்பதே அதிகம். கூரையின் பாரத்தை நம்பி, கைமரத்தைச் சுவர்மேல் சும்மா வைத்து ஒரு ஆணி அடித்தால் புயலில் நிற்காது.

முதல் வேலை, திண்ணைக் கூரையும் வீட்டுக் கூரையும் தனித்தனியாக இருக்க வேண்டும். போனால் திண்ணைக் கூரை மட்டும் போகட்டும். தூணின் அடியைக் காங்கிரீட்டில் புதைத்து, தூணையும் உத்திரத்தையும் இரும்புப் பட்டையும் போல்ட்டும் போட்டுப் பிணையுங்கள். சுவர் ஓரத்து மரத்தைச் சுவரின் காங்கிரீட் பெல்ட்டில் முன்கூட்டியே புதைத்த போல்ட்டில் முடுக்க வேண்டும்; பிறகு துளை போட்டுச் செருகியது பிடிக்காது. தூணுக்கு வெளியே நீட்டம் ஒரு அடியோடு நிற்கட்டும். நீட்டம் கூடக்கூடக் காற்றுக்குப் பிடி கொடுத்த மாதிரி.

ஓட்டுக்குச் சரிவு அடிக்கு 6 அங்குலம். அதைவிடப் படுத்தால் சாரல் ஓட்டு இடுக்கில் ஏறி உள்ளே சொட்டும். மங்களூர் ஓடு 100 சதுர அடிச் சரிவுக்கு ஏறக்குறைய 140 ஆகும். 15 அடித் திண்ணைக்கு, இருபுறமும் ஓரடி நீட்டத்தோடு, 190 ஓடு. உடைசலுக்கும் சேர்த்து 210 வாங்குங்கள். ஓரத்து வரிசைகளைக் கம்பியால் ரீப்பரோடு கட்டுங்கள். தகடுதான் என்றால் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு திருகு, இடையில் ஒன்று விட்டு ஒன்று. திருகை மேட்டில் போட வேண்டும்; பள்ளத்தில் போட்டால் அந்த ஓட்டை வழியே ஒழுகும்.

கடலோரத்தில் இன்னொன்று: உப்புத் தண்ணீரில் காங்கிரீட் கலக்காதீர்கள், கடற்கரை மணலைக் கலவையில் சேர்க்காதீர்கள். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, தளத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

விளாத்திகுளத்திலிருந்து: எங்கள் ஊர்க் கரிசலில் எந்த வீட்டைப் பார்த்தாலும் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு. கம்பியைக் கூட்டினால் நிற்குமா?

நிற்காது. மழையில் உப்பி, கோடையில் சுருங்குகிற மண் அது. வீட்டு ஓரத்து மண் காய்ந்து, நடுமண் ஈரமாக இருக்கும்போது ஒருபக்கம் இறங்கிச் சுவர் கிழிகிறது. முதலில் 6 அடிக்கு ஒரு சோதனைக் குழி தோண்டுங்கள். அதற்குள் சுக்கானோ பாறையோ தட்டினால் அஸ்திவாரத்தை அதன்மேல் வையுங்கள். தட்டாவிட்டால் அடியில் குமிழ் விட்ட பைல் (மண்ணுக்குள் இறக்கும் காங்கிரீட் தூண்), சுமார் மூன்றரை மீட்டர் ஆழம், பொறியாளரை வைத்து. பைல்களை இணைக்கும் பீமுக்கும் மண்ணுக்கும் இடையே 3 அங்குலம் காலியிடம் விட வேண்டும். மண் உப்பும்போது பீமைத் தூக்கிவிடக் கூடாது. இந்த இடைவெளியை மண் போட்டு மூடிவிடும் மேஸ்திரிகள் உண்டு. பக்கத்தில் நின்று பாருங்கள்.

தோண்டிய கரிசலை பேஸ்மென்டுக்குள் திருப்பிக் கொட்டாமல் கிராவல் நிரப்புங்கள். வீட்டைச் சுற்றி 4 அடிக்கு வெளிவாட்டமாகத் தளம் போட்டு, குளிக்கிற தண்ணீரையும் துவைக்கிற தண்ணீரையும் குழாயில் தூரமாகக் கொண்டுபோங்கள். வேம்பு, புங்கனை அது வளரும் உயரத்தளவு தள்ளி நடுங்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: கழிப்பறைக்கு ஒரே பெரிய குழி, ஏழெட்டு உறையாக இறக்கலாம் என்கிறார் கொத்தனார். சரியா?

வேண்டாம். ஆழக் குழி உங்கள் ஊரில் நேராக நிலத்தடி நீரில் போய் நிற்கும். 3.5 அடி உள்விட்டம், 4 அடிக்கு மிகாத ஆழத்தில் இரண்டு குழிகள், இடையே குழி ஆழத்துக்குக் குறையாத இடைவெளி. ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். ஐந்து பேர் இருந்தால் ஒரு குழி நிறைய மூன்று ஆண்டுகள் வரை ஆகும். நிறைந்ததும் சந்திப்புப் பெட்டியில் அதன் வாயை அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். ஒன்றரை ஆண்டு கிடந்தபின் முதல் குழியில் இருப்பது நாற்றமில்லாத எரு. குழிச் சுவர் ஒரு வரி விட்டு ஒரு வரி சந்து விட்ட செங்கல், அடியில் சிமென்ட் பூசவே கூடாது. குடிநீர்க் கிணற்றிலிருந்தும் அடிபம்பிலிருந்தும் 50 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

கடைக்காரர் தரும் சாதாரண பேசினில் ஒரு முறைக்கு வாளித் தண்ணீர் செலவாகிக் குழி சதசதவென்றே கிடக்கும். சரிவு அதிகமுள்ள கிராமத்து பேசினும் 20 மில்லிமீட்டர் நீரடைப்புள்ள டிராப்பும் (பேசினுக்கு அடியில் தண்ணீர் நிற்கும் வளைகுழாய்) கேட்டு வாங்குங்கள். இரண்டு லிட்டர் போதும். குளியல் தண்ணீர், பினாயில், ஆசிட் எதுவும் குழிக்குப் போகக் கூடாது. மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும் இடம் என்பதால் குழியின் மேல்பகுதியைத் தரைக்கு மேல் எழுப்பி, சுற்றி மண் அணைத்து, கழிப்பறைத் தரையையும் அதற்கேற்ப உயர்த்துங்கள். நீர் தரைமட்டத்துக்கே வரும் வயலோரம் என்றால் செப்டிக் டேங்க்தான் வழி.

வேடசந்தூரிலிருந்து: கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு இங்கே சரிப்படுமா?

செங்கல் ஒரே அளவில் கிடைத்தால் தாராளமாக. கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே 3 அங்குலம் வெற்றிடம் விடுவதால் கால்வாசிக் கல் மிச்சம், சுவரும் சூடு தாங்கும். கோணல்மாணலான காளவாய்க் கல்லில் முயலாதீர்கள். மிச்சமானதைப் பூச்சு தின்றுவிடும். மூலை, ஜன்னல் அடி, லிண்டல் வரிகளைத் திடமாகக் கட்ட வேண்டும்.

பேராவூரணியிலிருந்து: தளம் போட்ட மறுவாரமே சென்ட்ரிங்கைப் பிரிக்கக் கேட்கிறார்கள்.

சாதாரண சிமென்டில் (OPC) தாவு பதினான்கே முக்கால் அடிக்குள் என்றால் முட்டுகளை 7 நாளில் எடுக்கலாம், அதற்கு மேல் 14 நாள். கலப்பு சிமென்டு (PPC) என்றால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவதைக் கலப்பு சிமென்டுக்குப் 10 நாளாவது நிறுத்தக் கூடாது. கடைகளில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது அந்த சிமென்டுதான். கலக்கும்போது மூட்டைக்கு 25 லிட்டருக்குமேல் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். மணல் நனைந்திருந்தால் அதற்கும் குறைவாக.