ஐந்து நாளில் பன்னிரண்டு கோட்டையா?

கேள்வி: மகள் மான்செஸ்டரில் படிக்கிறாள். மே மாதம் அவளோடு ஐந்து நாள் வடக்கு வேல்ஸ் போய், கோட்டைகளையும் பழைய மாளிகைகளையும் பார்க்க ஆசை. பட்டியல் போட்டால் பன்னிரண்டு இடம் வருகிறது. கூட வரும் மாமியாருக்கு 70 வயது, முழங்கால் வலி. காரை நான்தான் ஓட்டுவேன். எப்படிப் பிரித்துக்கொள்வது? – ஒரு வாசகி

பதில்: முதலில் அந்தப் பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். நான் முதல் தடவை போனபோது ஒரே நாளில் நான்கு கோட்டை பார்த்தேன். இன்று போட்டோவை எடுத்தால் எந்தக் கோபுரம் எந்த ஊர் என்று என் மனைவிதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாளுக்கு இரண்டு போதும். காலையில் கூரை இல்லாத கோட்டை, பிற்பகலில் கட்டில் மேசையெல்லாம் அப்படியே இருக்கிற வீடு. மழை பிடித்துக்கொண்டால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். வேல்ஸில் மே மாதத்திலும் பிடிக்கும்.

முதல் மூன்று இரவு கான்வியில் தங்குங்கள். கோட்டையும் ஊர்மதிலும் முதலாம் எட்வர்ட் 1283-இல் தொடங்கியவை. கோட்டையிலிருந்து பொடிநடையாகப் போனால் பிளாஸ் மௌர். ராபர்ட் வின் என்ற வசதியான மனிதர் 1576-இலிருந்து கட்டிய வீடு. சுவர்ச் சுதைவேலையில் தன் பெயரின் முதலெழுத்துகளை மறக்காமல் பொறித்திருக்கிறார். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன!

இரண்டாம் நாள் பியூமாரிஸ். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1295-இல் தொடங்கி, பணம் தீர்ந்துபோய்ப் பாதியில் நின்ற கோட்டை. ஸ்காட்லாந்துப் போர் கஜானாவைக் காலி செய்துவிட்டது. கோபுரங்கள் முழு உயரத்துக்கு எழவே இல்லை. ஆனால் மதிலுக்குள் மதில், சுற்றிலும் அகழி, கப்பல் வந்து நிற்கக் கோட்டை வாசலிலேயே ஒரு துறை என்று கணக்கு அத்தனை சுத்தம். தரைமட்டத்திலேயே நிறையப் பார்க்கலாம். மாமியாருக்கும் சிரமம் குறைவு. பிற்பகல் பென்ரின். பார்க்க நார்மன் காலத்துக் கோட்டை மாதிரி இருக்கும். உண்மையில் 19-ஆம் நூற்றாண்டு மாளிகை. ஜமைக்காவில் அடிமைகளை வைத்து நடத்திய கரும்புத் தோட்டங்களும் உள்ளூர் ஸ்லேட் கல் குவாரியும் கொடுத்த பணம். அதை மனதில் வைத்துக்கொண்டே அறைகளைப் பாருங்கள்.

மூன்றாம் நாள் கார்னார்வன் கோட்டை மட்டும். சுழல் படிக்கட்டு முழங்காலுக்கு எதிரி. ஆனால் இங்கே அரசர் வாசலில் 2023 முதல் லிஃப்ட் இருக்கிறது. மாமியாரும் மேலே போய்க் கடலைப் பார்க்கட்டும்.

நான்காம் நாள் ஹார்லெக் கோட்டை, அன்றிரவு அந்த ஊரிலேயே. ஒரு காலத்தில் பாறையடியில் அலை அடித்த இடம். இன்று கடல் எங்கோ தள்ளிப்போய், கீழே ரயில் ஓடுகிறது.

கடைசி நாள் திரும்பும் வழியில் ரெக்ஸம் ஊருக்குப் பக்கத்தில் எர்டிக் என்ற பழைய மாளிகை.

வண்டியைப் பற்றி ஒன்று. 2023 செப்டம்பரிலிருந்து வேல்ஸில் ஊருக்குள் பெரும்பாலும் மணிக்கு 20 மைல்தான். சாலையில் 'அராவ்' என்று வேல்ஷ் மொழியில் பெரிதாக எழுதியிருந்தால், மெதுவாக என்று பொருள். வரைபடம் ஒரு மணி நேரம் என்றால் ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மூடும் நேரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கடைசி அனுமதி அதற்கு முன்பே முடிந்துவிடும். ஒரு மாளிகை வாசலில் பத்து நிமிடத் தாமதத்தால் தோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். சில வீடுகள் வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை. கிளம்பும் முன் ஒவ்வொன்றையும் அந்தந்த இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

எர்டிக்கில் எஜமானர்களைவிட வேலைக்காரர்களைத் தேடுங்கள். யார்க் குடும்பத்தார் தங்கள் தச்சரையும் பணிப்பெண்ணையும் ஓவியமாகத் தீட்டவைத்து, அவர்களைப் பற்றிப் பாட்டும் எழுதிவைத்தார்கள். ஒட்டடை அடித்த ஒரு பெண்மணி துடைப்பத்தோடு நிற்கிறார். மாமியாரிடம் அவரை அவசியம் காட்டுங்கள்.