காலெண்டுலாவும் செண்டுமல்லியும் ஒன்றல்ல

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. பத்து வருஷமாகச் சர்க்கரை. களைக்கொத்து பட்டு, கணுக்காலுக்குக் கீழே காயம். ஹோமியோபதி கடையில் வாங்கிய காலெண்டுலா மதர் டிங்சரை (காலெண்டுலா செடியை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாறு) அப்படியே ஊற்றினோம். சுற்றிலும் தோல் சிவந்துவிட்டது. எரிச்சலே இல்லை என்கிறார் அம்மா. இனி தோட்டத்துச் செண்டுமல்லியை ஸ்பிரிட்டில் ஊறவைத்து நாமே செய்துகொள்ளலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: முதலில் அம்மாவை இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். டிங்சரை நேராக ஊற்றியும் எரியவில்லை என்றால் பாதம் மரத்துப்போயிருக்கலாம். மரத்த பாதத்தில் காயம் உள்ளே சீழ் வைத்தாலும் வலி தெரியாது. மண் பட்ட இரும்பு கீறியிருப்பதால், கடைசி டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தால் அதையும் போட்டுவிட வேண்டும். இந்தக் காயத்தில் டிங்சர் இனி வேண்டாம்.

சிவந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அதிலுள்ள ஆல்கஹால்தான். மேலாகத் தோல் உரசிய சிராய்ப்புக்கு மட்டுமே இந்த டிங்சர். அதற்கும் ஒரு டீஸ்பூன் (5 மி.லி.) டிங்சரை, கொதித்து ஆறிய 50 மி.லி. தண்ணீரில் கலந்து, காஸ் துணியால் ஒற்ற வேண்டும். பஞ்சு வேண்டாம், இழை புண்ணில் ஒட்டும். கலந்ததை அன்றே கொட்டிவிடுங்கள். பார்த்தீனியம் பட்டால் அரிப்பவர்கள் இதைத் தொடாமலிருப்பதே நல்லது. இரண்டும் சாமந்திக் குடும்பம்.

செண்டுமல்லி யோசனையை விட்டுவிடுங்கள். பூ நிறம் ஒன்றாகத் தெரிந்தாலும் செடி வேறு. செண்டுமல்லி இலை சீப்புப் பல்லாகப் பிரிந்திருக்கும், கசக்கினால் வாசம் மூக்கைத் துளைக்கும். காலெண்டுலா இலை பிரியாமல் நீளமாக இருக்கும், விரலில் லேசாகப் பிசுபிசுக்கும். செண்டுமல்லியிலுள்ள தயோபீன் சேர்மங்கள் பட்ட தோலில் வெயில் அடித்தால் எரிச்சல் கிளம்பலாம். ஸ்பிரிட் அதைவிட ஆபத்து. மரத்துக்கு அடிக்கும் பாலிஷ் ஸ்பிரிட்டில் மெத்தனால் இருக்கக்கூடும்; மருந்தென்று நினைத்து யாராவது ஒரு வாய் குடித்தாலே பார்வை போகலாம், உயிரும் போகலாம்.

கேள்வி: மீதி டிங்சரை எப்படி வைப்பது?

பதில்: வாங்கிய பழுப்பு பாட்டிலிலேயே, மூடியை இறுக்கி, குழந்தைக்கு எட்டாத அலமாரியில். சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் ஆல்கஹால் ஆவியாகிக் குறையும். எளிதில் தீப்பற்றும், அதனால் சமையலறையிலும் சாமி விளக்கருகிலும் வைக்காதீர்கள்.