ஜாமீன் கையெழுத்து போட்டது யார்?

அன்புள்ள ஐயா,

2008இல் ஐஸ்லாந்து வங்கிகள் கவிழ்ந்ததைப் பற்றிப் படித்தேன். லாண்ட்ஸ்பாங்கி வங்கியின் ‘ஐஸ்சேவ்’ கணக்கில் பணம் போட்ட பிரிட்டன், நெதர்லாந்துக்காரர்களுக்கான தொகையைத் தர மாட்டோம் என்று அந்நாட்டு மக்கள் இரண்டு முறை வாக்களித்திருக்கிறார்கள். நம்பிப் போட்டவர்களிடம் இப்படிக் கைவிரிக்கலாமா? உங்கள் பணம் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்வீர்கள்?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கோபம் நியாயமானது. அந்த அக்டோபர் 7ஆம் தேதி கணக்கைத் திறக்கப் போனவர்களுக்கு இணையதளத்தில் ஓர் அறிவிப்புதான் காத்திருந்தது: பணம் போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. பிரிட்டனில் மட்டும் சுமார் மூன்று லட்சம் பேர். நாலு காசு வட்டி கூட வருகிறதே என்று போட்டவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அவர்கள் தெருவில் நிற்கவில்லை. தனிநபர்களுக்கு பிரிட்டன் அரசு முழுத் தொகையையும், நெதர்லாந்து அரசு ஒரு லட்சம் யூரோ வரைக்கும் கொடுத்துவிட்டன. வாக்கெடுப்பு நடந்தது, அந்த இரு அரசுகளும் ஐஸ்லாந்திடம் திருப்பிக் கேட்ட ஏறக்குறைய 400 கோடி யூரோவுக்காக. அங்கே மொத்த ஜனத்தொகையே 3.2 லட்சம்தான். கைக்குழந்தையையும் சேர்த்துத் தலைக்கு 12,000 யூரோவுக்கு மேல் வருகிறது. முதல் ஒப்பந்தத்தில் அதற்கு 5.5 சதவீத வட்டி வேறு.

லாண்ட்ஸ்பாங்கி தனியார் வங்கி. லாபம் வந்த வருடங்களில் அது பங்குதாரர்களுக்குப் போனது. நஷ்டத்துக்கு மட்டும் ஊரே ஜாமீனா? ஐரோப்பிய விதி கேட்டது, வைப்புத் தொகைக்கு ஒரு காப்பீட்டு நிதி இருக்க வேண்டும் என்பதை. அது இருந்தது; மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தபோது போதவில்லை. மிச்சத்துக்கு அரசு கஜானா பொறுப்பல்ல என்று 2013 ஜனவரி 28 அன்று எஃப்டா (ஐஸ்லாந்தும் சேர்ந்திருக்கும் ஐரோப்பிய வர்த்தகக் கூட்டமைப்பு) நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எனக்கும் அதே கருத்துதான்.

2010 ஜனவரியில் நாலில் ஒரு பங்கு வாக்காளர்கள் கையெழுத்திட்ட மனுவோடு, குளிரில் சிவப்பு ஒளி வீசும் பந்தங்களை ஏந்தி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குப் போனார்கள். அந்தப் பணத்தைத் திருப்பித் தருவதற்கான மசோதாவில் ஜனாதிபதி கிரிம்ஸன் கையெழுத்துப் போடவில்லை. மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் 93 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு விஷயம் இன்னும் உறுத்துகிறது. உள்ளூர்க் கணக்குகளைப் புது வங்கிக்கு மாற்றி முழுதாகக் காப்பாற்றினார்கள்; வெளிநாட்டுக் கிளைகளில் போட்டவர்களைப் பழைய வங்கியோடு விட்டுவிட்டார்கள். பாரபட்சம் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு அது பாரபட்சம்தானே?

இருந்தாலும், வங்கி விழுவதற்கு முந்தின நாள் போட்ட அவசரச் சட்டத்தை மறக்கக் கூடாது. சொத்தை விற்று வருவதில் முதல் உரிமை சேமிப்பாளர்களுக்கு. கடன் பத்திரம் வாங்கியவர்கள் அப்புறம்தான். இதில் உள்ளூர், வெளியூர் என்று பிரிக்கவில்லை. சேமிப்பாளர்களுக்குப் பணம் கொடுத்திருந்த அரசுகளுக்கும் அதே இடம்தான். அந்தக் கோரிக்கைகள் 2016 ஜனவரியில் முழுவதும் அடைபட்டன. நஷ்டம் பத்திரக்காரர்கள் தலையில் விழுந்தது.

என் பணம் இருந்திருந்தால், வங்கியின் கட்டடத்தை விற்று, அது கொடுத்த கடன்களை வசூலித்து முதலில் எனக்குக் கொடு என்று சண்டை போட்டிருப்பேன். ஒரு மீன்பிடித் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்துக் கொடு என்று கேட்டிருக்க மாட்டேன்.