கடைசிப் பாட்டு மட்டும் ஏன் சீறுது?

கேள்வி: அண்ணன், அப்பாட பழைய டேர்ன்டேபிள திருத்தி எடுத்து, கொழும்பில இருக்கிற மச்சான் மூலம் புதுக் கார்ட்ரிட்ஜ் (ஊசி பூட்டின சின்னப் பெட்டி) ஒண்டு எடுப்பிச்சுப் பூட்டினன். இசைத்தட்டில முதல் ரெண்டு பாட்டும் நல்லம், கடைசிப் பாட்டு வந்தா "ஸ", "ச" வாற இடமெல்லாம் சீறுது. மகள்ட கொம்பாஸ் பெட்டியில கிடந்த பாகைமானிய வெச்சுப் பாத்தன், மறுகா கொமினிகேஷன்ல அலைன்மென்ட் புரோட்ரக்டர் (ஊசி நேரா நிக்குதா எண்டு பாக்க ரெண்டு புள்ளியும் கோடுகளும் போட்ட தாள்) ஒண்டு பிரிண்ட் எடுத்தும் பாத்தன். ஒரு புள்ளியில சரி வருது, மத்ததில வருதே இல்ல. புது ஊசியே பழுதா?
— வாசகர், கல்லடி

பதில்: பாகைமானிய மகள்ட்டயே திருப்பிக் குடுங்க தம்பி, அது இதுக்கு உதவாது. ஊசியையும் இப்பவே குறை சொல்லாதீங்க, நான் முதல்ல சந்தேகப்படுறது உங்கட பிரிண்டைத்தான்.

கடைக்காரர் "ஃபிட் டு பேஜ்" எண்டு விட்டா தாளில உள்ள படம் கொஞ்சம் சுருங்கிப்போயிரும், கண்ணுக்குத் தெரியாது. அடிமட்டம் எடுத்து ஓட்டை நடுவிலருந்து ரெண்டு புள்ளிக்கும் அளங்க. அந்தப் புள்ளிகள எங்க வைக்கிறதெண்டு கணக்கு முறைகள் இருக்கு, பேர்வால்ட் முறையெண்டா 66 மி.மீ., 120.9 மி.மீ. வரோணும், ஸ்டீவன்சன் எண்டா 60.3உம் 117.4உம். இதில ஒரு பகிடி இருக்கு, பேர்வால்ட் தாள் 3 வீதம் சுருங்கினா வெளிப்புள்ளி 117.3ல வந்து நிக்கும், அத மட்டும் அளக்கிற ஆள் "ஆ, இது ஸ்டீவன்சன்" எண்டு நினைச்சிட்டுப் போயிருவார், ஆனா உள்புள்ளி 64ல நிக்கும், அது ரெண்டு முறைக்கும் சொந்தமில்ல. அதால ரெண்டையும் அளங்க. சரியில்லாட்டி "அக்சுவல் சைஸ்" எண்டு சொல்லி திரும்ப எடுங்க, ஓட்டையையும் பேனையால குத்தாம பிளேட்டால வெட்டுங்க, ஸ்பிண்டில்ல, அதான் தட்டு மாட்டுற நடுக் கம்பியில, ஆட்டமில்லாம இறுகி இருக்கோணும்.

ரெண்டு புள்ளி எதுக்கெண்டா, தட்டு வெட்டுற மெஷின்ல வெட்டுற தலை நேர்கோட்டில உள்ளுக்குப் போகும், எங்கட டோன்ஆர்ம், அதான் கார்ட்ரிட்ஜத் தூக்கிற கை, ஒரு முனையில ஊண்டி வட்டமா வளைஞ்சு போகும். அதால ரெண்டே ரெண்டு இடத்திலதான் ஊசி தவாளிப்புக்கு, அதான் தட்டில பாட்டு எழுதின கோட்டுக்கு, நேரா நிக்கும், மத்த இடமெல்லாம் சின்னச் சரிவுதான், அத ஒண்டும் செய்யேலாது, குறைக்கத்தான் ஏலும். கடைசிப் பாட்டு ஏன் அடிபடுதெண்டா, LP தட்டு, அதான் மெதுவாச் சுத்துற பெரிய தட்டு, ஒரு சுத்துச் சுத்த 1.8 செக்கன், வெளி ஓரத்தில அந்த நேரத்தில ஊசிக்குக் கீழால 92 செ.மீ. போகுது, உள்ள வெறும் 38 செ.மீ. தான், அவ்வளவு நெருக்கமா எழுதினதில கோணம் கொஞ்சம் பிசகினாலும் கேக்கும்.

இனி வேலை. ஃபேன நிப்பாட்டுங்க. ஊசி தட்டில எவ்வளவு அழுத்தோணும் எண்டு கார்ட்ரிட்ஜோட வந்த தாளில போட்ட பாரத்த முதல்ல வையுங்க, கை உள்ளுக்கு இழுபடாமப் பிடிக்கிற அன்ரி-ஸ்கேட்ட பூச்சியத்தில விடுங்க, கார்ட்ரிட்ஜ்ட ஸ்குரு ரெண்டும் விரலால தள்ளினா நகருற அளவுக்கு மட்டும் இறுகட்டும். உள்புள்ளியில ஊசிய மெல்ல இறக்கி, கோடுகளுக்கு நேரா வாற மாதிரி கார்ட்ரிட்ஜ கிறுக்கித் திருப்புங்க. பாக்கவேண்டியது பெட்டிய இல்ல, ஊசியத் தாங்கிற அந்த மெல்லிய குழாய, கன்டிலிவர. பெட்டிக்குள்ள அது சரிஞ்சு இருக்கிறதும் உண்டு, நானே ஒரு கிழமை பெட்டியப் பாத்துப் பாத்து மாரடிச்சவன். ஃபோன் கமராவ ஸூம் பண்ணினா நல்லாத் தெரியும்.

மறுகா வெளிப்புள்ளிக்கு வாங்க. அங்க கார்ட்ரிட்ஜ்ட மூக்கு வெளிப்பக்கம் பாத்துக்கொண்டு நிண்டா, கார்ட்ரிட்ஜ திருப்பாம அப்பிடியே அரை மில்லிமீற்றர் முன்னுக்குத் தள்ளுங்க, ஸ்பிண்டில் பக்கம் பாத்தா பின்னுக்கு இழுங்க. அந்த இடத்திலேயே கிறுக்கிச் சரி பண்ணப் போகாதீங்க, எல்லாரும் விடுற பிழை அதுதான். தள்ளின பிறகு திரும்பவும் உள்புள்ளியில போய் கிறுக்கி நேராக்கி, திரும்ப வெளிப்புள்ளி. நாலஞ்சு தரம் போய்வரச் சரிவரும். ஸ்குருவ மாறி மாறி இறுக்குங்க, ஒண்ட மட்டும் இறுக்கினா திரும்பிரும். கார்ட்ரிட்ஜ் நகர்ந்தா பாரமும் மாறும், அதால கடைசியா பாரத்த திரும்ப வெச்சு, அன்ரி-ஸ்கேட்டயும் போடுங்க.

எல்லாம் சரிவந்தும் அப்பாட அந்தத் தட்டு மட்டும் சீறினா, அது பழைய தேஞ்ச ஊசி அரிச்சுவிட்ட தட்டு, அலைன்மென்ட் ஒண்டும் செய்யாது. வேற தட்டு ஒண்டையும் போட்டுப் பாருங்க. கடற்கரை வீடெண்டா ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜ் பூட்டுற தலை) பின்களும் பச்சை பிடிச்சிருக்கும், ஐசோபுரோப்பைல் அல்கஹோலால துடைச்சு விடுங்க.

கேள்வி: டெக்னிக்ஸ் SL-1200 டேர்ன்டேபிளோட வந்த வெள்ளைக் கேஜ் (கார்ட்ரிட்ஜ் பூட்ட அளவு பாக்கிற துண்டு) போதுமா?
— அக்கரைப்பற்று

பதில்: போதும். ஊசி முனைக்கும் ஹெட்ஷெல் வொஷருக்கும் இடையில 52 மி.மீ. வைக்கிறது அது, அப்ப ஓவர்ஹாங், அதான் ஊசி முனை ஸ்பிண்டிலத் தாண்டி நிக்கிற தூரம், 15 மி.மீ. வரும், ஸ்டீவன்சனுக்குக் கிட்ட. பேர்வால்ட்டுக்கு மாத்தினா கார்ட்ரிட்ஜ் சற்று முன்னாலயும் உள்பக்கம் திரும்பியும் நிக்கும், பாக்க கோணலாத்தான் தெரியும், பயப்படாதீங்க.

கேள்வி: வாப்பாட 78 தட்டுகள (நிமிசத்துக்கு 78 தரம் சுத்துற பழைய தட்டு) இதே ஊசியால போடலாமா?
— ஏறாவூர்

பதில்: வேணாம். 78 தவாளிப்பு அகலம், LP ஊசி அதுட அடியில விழுந்து அழுக்கத்தான் வாசிக்கும். 3 மில் (அங்குலத்தில ஆயிரத்தில மூண்டு பங்கு) ஊசி தனியா எடுங்க.