முகாமில் ஒரு பெண் உங்கள் தொண்டரிடம் வாய் திறந்தால்

கேள்வி: நாகப்பட்டினம் பக்கம் சின்னத் தொண்டு நிறுவனம் நடத்துகிறோம். புயல் நேரத்தில் பள்ளிக்கூடங்களில் திறக்கும் நிவாரண முகாம்களில் எங்கள் தொண்டர்கள் வேலை செய்வார்கள். அங்கே பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்கவும், நடந்துவிட்டால் கையாளவும் பயிற்சி தர வேண்டும். ஒரு நாள்தான் இருக்கிறது. எதைச் சொல்லித்தருவது?

பதில்: ஒரு நாள் போதும், சட்டப் பிரிவுகளை ஒப்பிக்க வைத்தே அதைக் கழிக்காவிட்டால். பயிற்சியை முகாம் நடக்கப்போகும் பள்ளியிலேயே வையுங்கள். மதியம் தொடங்கி, இருட்டிய பிறகு முடியுங்கள்.

இருட்டியதும் விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் தனியாகக் கழிப்பறை வரை நடக்கச் சொல்லுங்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தட்டும். தாழ்ப்பாள் துருவேறி நிற்கும், அல்லது கொக்கியே இருக்காது. கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தவர், அடுத்த முகாமில் முதல் வேலையாகத் தாழ்ப்பாள் வாங்குவார். ஆண்களுக்கு ஒரு கழிப்பறை என்றால் பெண்களுக்கு மூன்று, உள்ளிருந்து பூட்டும் வசதியோடு என்கிறது உலகெங்கும் நிவாரணப் பணியாளர்கள் பின்பற்றும் ஸ்பியர் கையேடு.

அப்புறம், பேச்சுப் பயிற்சி. இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். ஒருவர் பாதிக்கப்பட்ட பெண்ணாக நடிக்கட்டும், மற்றவர் தொண்டராக. முதல் சுற்றிலேயே யாராவது “அந்த நேரத்துல ஏன்க்கா அங்க போனீங்க?” என்று கேட்டுவிடுவார். அங்கேயே நிறுத்துங்கள். தொண்டர் விசாரணை அதிகாரி இல்லை. “நீங்க சொல்றத நம்புறேன். உங்க மேல தப்பில்ல. இப்ப உங்களுக்கு என்ன வேணும்?” இந்த மூன்று வாக்கியமும் தடுமாறாமல் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

“யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது. 18 வயதுக்கு உட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் என்றால், குழந்தைகளை அதிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். வயது வந்த பெண் என்றால், புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. ஆனால் மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தரும் என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சிகிச்சைக்குப் புகார் நிபந்தனை அல்ல என்பதையும் சொல்லுங்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையானாலும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். பாலியல் வன்முறை என்றால் நேரம் முக்கியம்: எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரைக்கு அதிகபட்சம் 120 மணி நேரம். இரண்டுமே எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

சொல்லக் கூச்சமாக இருந்தாலும் ஒன்றை விட்டுவிடாதீர்கள். 2002இல் மேற்கு ஆப்பிரிக்க அகதி முகாம்களில், உணவுக்கு ஈடாகச் சிறுமிகளைப் பாலியல் சுரண்டல் செய்தவர்களில் நிவாரணப் பணியாளர்களும் இருந்தது வெளியே வந்தது. அரிசிப் பை யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் அதிகாரமும் இருக்கிறது. நிவாரணம் இலவசம், அதற்கு எந்தக் கைம்மாறும் தேவையில்லை என்று முகாம் சுவரில் பெரிதாக எழுதி, தொண்டர் மீதே புகார் சொல்ல வேண்டிய பெண் பொறுப்பாளரின் எண்ணையும் கீழே போடுங்கள்.

ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஓர் அட்டை இருக்கட்டும்: பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112, கூடவே வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஒரே இடத்தில் உதவும் உங்கள் மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்தின் எண். அந்த மையத்துக்கு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒரு நாள் இரவில் போன் போட்டு, யார் எடுக்கிறார்கள், வண்டி அனுப்புவார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.