ஆடியோ கேபிள் வழக்கு: காதை விடுங்கள், அட்டைப்பெட்டியைக் காட்டுங்கள்

கேள்வி: கணினியிலிருந்து பாட்டுக் கேட்பதற்காக விலை உயர்ந்த டாக் (கணினி அனுப்பும் எண்களை ஒலியாக மாற்றும் கருவி) ஒன்றும், அதை இணைக்க ஒரு யு.எஸ்.பி. கேபிளும் வாங்கினேன். கேபிளின் விலையே டாக்கின் விலையில் பாதி. "இதைப் போட்டால் பின்னணி இரைச்சல் அடங்கிவிடும், இதுவரை கேட்காத நுணுக்கமெல்லாம் கேட்கும், ஆய்வகத்தில் சோதித்து நிரூபித்தது" என்று விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் எழுதினார். அட்டைப்பெட்டியிலும் அதே வாசகம்தான். வீட்டில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. என் மகள் எனக்குச் சொல்லாமல் பழைய கேபிளையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டாள். பாதிக்குப் பாதி தப்பாகச் சொன்னேன். திருப்பித் தருகிறேன் என்றதற்கு, "200 மணி நேரம் ஓடினால்தான் கேபிள் பழகும்" என்றார்கள். பொறுத்திருந்தேன். இப்போது, "10 நாள் கெடு முடிந்துவிட்டது, உங்கள் காதுக்குப் பயிற்சி போதாது" என்கிறார்கள். வழக்குப் போட முடியுமா?

பதில்: போடலாம். ஆனால் "சத்தம் நன்றாக இல்லை" என்று மனுவில் எழுதிவிடாதீர்கள். எழுதினால் வழக்கு உங்கள் காதைப் பற்றியதாக மாறிவிடும். எதிர்த்தரப்பு வேண்டுவதும் அதுதான். ரசனை அவரவர் விஷயம், அதற்குக் கடைக்காரர் பொறுப்பாக முடியாது என்று சொல்லித் தப்பிவிடுவார்கள்.

நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது "ஆய்வகத்தில் சோதித்து நிரூபித்தது" என்ற அந்த ஒரே வாசகத்தை. "தேன் போன்ற இசை", "மெய்மறந்து போவீர்கள்" என்பதெல்லாம் வியாபாரப் புகழ்ச்சி; அதை வைத்து யாரும் ஜெயித்துவிட முடியாது. சோதனை நடந்தது, இரைச்சல் குறைந்தது என்பவை அப்படியல்ல. உண்மையா பொய்யா என்று பார்த்துச் சொல்லக்கூடிய தகவல்கள் அவை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(10)-ல் குறைபாடு என்பதற்குத் தரும் விளக்கத்தைப் பாருங்கள்: விற்பவர் எந்த விதத்திலாவது உரிமை கோரிய தரம் பொருளில் இல்லையென்றால் அதுவும் குறைபாடுதான். கேபிள் அறுந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

அடுத்தது உங்களுக்கு இன்னும் பலமான இடம். முறையான சோதனை எதுவும் செய்யாமல் ஒரு பொருளின் செயல்திறனுக்கு உத்தரவாதம் கொடுப்பதைப் பிரிவு 2(47) நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. சோதனை செய்தோம் என்று அவர்கள் வாதிட்டால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவர்களுடையது என்று அங்கேயே சொல்லியிருக்கிறது. ஆகவே முதலில் அனுப்பும் நோட்டீஸில் ஒன்றை மட்டும் அழுத்திக் கேளுங்கள்: எந்த ஆய்வகம், எந்தத் தேதி, என்ன அளந்தார்கள், அறிக்கையின் நகல் எங்கே? பதில் வரவில்லை என்றால் அந்த மௌனத்தையும் மனுவில் சேருங்கள்.

சரி, அவர்கள் என்ன கொண்டுவருவார்கள்? உயர்தர ஒலிக் கோப்புகள் பற்றிய ஆய்வுகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். 2016-ல் ஒலித்துறை ஆய்வாளர் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சி.டி. தரத்தையும் அதைவிட உயர்ந்த தரத்தையும் கேட்டவர்கள் 52.3 சதவீத முறை சரியாகப் பிரித்தறிந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் அதைவிட நன்றாகச் செய்தார்கள். "பார்த்தீர்களா, பயிற்சி வேண்டும்" என்பார்கள். அதற்கு உங்களிடம் இரண்டு பதில் உண்டு. 2007-ல் வெளியான மேயர், மோரன் ஆய்வில், உயர்தர ஒலியைச் சி.டி. தரத்துக்கு, அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு, இறக்கி, எது அசல், எது இறக்கியது என்று கேட்டுச் சொல்ல வைத்தார்கள். 554 முறையில் 276 முறைதான் சரியான பதில் வந்தது. நாணயத்தைச் சுண்டினாலும் ஏறக்குறைய அவ்வளவு வரும். இரண்டாவது பதில் அதைவிட முக்கியம்: இரண்டுமே கோப்பின் தரத்தைப் பற்றிய ஆய்வுகள். உங்கள் வழக்கு கேபிளைப் பற்றியது.

யு.எஸ்.பி. கேபிள் வழியாகப் போவது எண்கள். எண்கள் சரியாகப் போய்ச் சேர்ந்தால் இரண்டு கேபிளும் கொடுப்பது ஒன்றே. சேராவிட்டால் டக் டக்கென்று சத்தம் வரும், இல்லை பாட்டு அறுந்து அறுந்து வரும். வயலின் மட்டும் மெருகு குறைந்து ஒலிக்காது. இருந்தாலும் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கணினியின் மின் இரைச்சல் கேபிளின் எர்த் கம்பி வழியாக டாக்குக்குள் ஏறக்கூடும்; அதனால் ரீங்காரம் கேட்பதும் உண்டு. எதிர்த்தரப்பில் விஷயம் தெரிந்த நிபுணர் வந்தால் இதைத்தான் பிடிப்பார். வரட்டும். அந்த இரைச்சல் உண்மையிலேயே குறைந்திருந்தால் டாக்கின் வெளியீட்டில் கருவி வைத்து அளந்துவிடலாம். யார் காதும் தேவையில்லை.

அளக்கச் சொல்லவும் சட்டத்தில் வழி இருக்கிறது. சோதித்தால்தான் தெரியும் என்ற வகைக் குறைபாடாக இருந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையம் மாதிரியை முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்கிறது பிரிவு 38. 45 நாளில் அறிக்கை கேட்பார்கள். கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். மனுவிலேயே இப்படிக் கோருங்கள்: உங்கள் டாக்கில் சாதாரணக் கேபிளையும் இந்தக் கேபிளையும் மாற்றிப் போட்டு, வெளியீட்டில் இரைச்சலை அளந்து ஒப்பிட வேண்டும்.

மகள் செய்த சோதனையைப் பிரமாணப் பத்திரமாகச் சேர்க்கலாம். பெரிதாக நம்பியிருக்க வேண்டாம். வீட்டார் சாட்சி என்பார்கள்; எந்தக் கேபிள் என்று அவருக்குத் தெரியும், முகம் காட்டிக்கொடுத்திருக்கும் என்பார்கள். கடையில் டெமோ காட்டியிருந்தால் அதே அளவுகோலை அதற்கும் வையுங்கள். "கேட்டுப் பார்த்துத்தானே வாங்கினார்" என்பதுதான் அவர்களுடைய பெரிய கேடயம். ஒலியின் அளவு சற்றே கூடினாலும் காதுக்கு அது நல்ல தரமாகத் தோன்றும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஒழுங்கான சோதனையில் இரண்டின் ஒலி அளவையும் 0.1 டெசிபெலுக்குள் சமன் செய்கிறார்கள். கடையில் அப்படிச் செய்தார்களா என்று குறுக்கு விசாரணைக் கேள்விகளில் கேளுங்கள்.

200 மணி நேரக் கதைதான் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. இடைவிடாமல் ஓடவிட்டாலே 8 நாளைத் தாண்டும். மாலையில் நாலு மணி நேரம் பாட்டுக் கேட்பவருக்கு 50 நாள் ஆகும். திருப்பித் தரும் கெடுவோ 10 நாள். காத்திருக்கச் சொன்னவரே கெடு போய்விட்டது என்று சொல்லலாமா? நீங்கள் கெடுவுக்குள் கேட்டதும், அவர்கள் காத்திருக்கச் சொன்னதும் எழுத்தில் இருந்தால் அதுவே தனிக் காரணம்: குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறைதான்.

டாக்கை இந்த வழக்கில் சேர்க்காதீர்கள். அது சொன்னபடி வேலை செய்கிறது, அதைப் பற்றிச் சோதனை, நிரூபணம் என்று யாரும் எழுதித் தந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. விலை அதிகம் என்பது மட்டும் வழக்குக் காரணம் ஆகாது. இரண்டையும் சேர்த்தால் நல்ல வழக்கும் பலவீனமாகிவிடும்.

மற்றவை சுலபம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், இணையவழியிலும் முடியும், வழக்கறிஞர் கட்டாயமில்லை. கடைக்காரரோடு தயாரிப்பாளரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு. வாட்ஸ்அப் உரையாடலின் நகலோடு, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63-ன்படி மின்னணு ஆவணச் சான்றிதழும் இணையுங்கள். போனை மாற்றினாலும் பழையதை விற்றுவிடாதீர்கள்.

அப்புறம், இன்றைக்கே கேபிளைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்துவிடுங்கள். பெட்டியின் எல்லாப் பக்கங்களையும் வாசகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு வரும்வரை அதை யாருக்கும் இரவல் கொடுக்க வேண்டாம்.